பாக்கெட்டைத் திருப்புகிறவர்

பாக்கெட்டைத் திருப்புகிறவர் என்றோர் இனம் நம் ஊரில் பெருகிக்கொண்டு வருகிறது. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் அடுக்கியிருக்கும் சந்தில், தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தி, போகிறவர் வருகிறவர் வழியை எல்லாம் அடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை மூக்கோடு ஒட்டவைத்து, பரீட்சை முடிவில் மகனுடைய நம்பரைத் தேடுகிற தகப்பனைப் போல ஒருவர் நிற்பாரே, அவர்தான். "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுப்பாருங்கள். விடமாட்டார். பாக்கெட்டை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

நீங்களும் நானும் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள். அங்கே கோதுமைக் கதிர் சாய்ந்திருக்கும், பால் அருவியாகக் கொட்டும், பல்லெல்லாம் தெரிய ஒரு குழந்தை சிரிக்கும், ஏழு தானியங்களின் நன்மை என்று எழுதியிருக்கும். நமக்குப் போதும். இவருக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எடுத்த வேகத்தில் திருப்பிவிடுவார். பொடி எழுத்தில் உட்பொருள்கள் என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதுதான் இவருக்குப் பாக்கெட். உள்ளே இருக்கும் தின்பண்டம் அதோடு இலவசமாக வருவது.

அந்தப் படிப்புக்கு இலக்கணம் உண்டு. பட்டியலில் முதலில் வருவது எதுவோ அதுதான் அதிகம். ஆகவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே போதும், மிச்சத்தை ஊகித்துவிடலாம். சர்க்கரை முதலிடத்தில் வந்து மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று அதை நாலாகப் பிரித்து, ஒரு பங்குக்குக் குளுக்கோஸ் சிரப் என்றும் இன்னொரு பங்குக்கு இன்வர்ட் சிரப் என்றும் மற்றொன்றுக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்றும் பெயர் வைத்து, வரிசையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்திருப்பார்கள். அத்தனையையும் தேடிப் பிடித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் வருவன, நம் வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவிலும் இல்லாத சாமான்கள்: குழைவாக்க ஒன்று, மணத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, மாதக்கணக்கில் கெடாமல் கிடக்க ஒன்று. அவை வந்துவிட்டால் அது சமையல் இல்லை, தொழிற்சாலை. அதற்கு 'அல்ட்ரா பிராசஸ்டு' என்று பெயர்.

இதில் ஏதாவது தப்பா? ஒன்றும் தப்பில்லை. அத்தனையும் சரி. அதுதான் இந்த இனத்தின் மேல் நமக்குள்ள கோபத்துக்கே காரணம்.

நான் மிக நெருக்கத்தில் பார்த்தவர் ஹாஜா பாய். ரெட்டியார்பாளையத்தில் எனக்கு அடுத்த வீடு. காந்தி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், நாணயமானவர், என் மூக்கின் மேல் இருப்பதும் அவர் போட்டுக்கொடுத்ததுதான். சில வருஷங்களுக்கு முன்னால் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு இருக்கு பாய், பாக்கெட் அயிட்டம் எல்லாம் கொறைச்சிக்குங்க" என்றார். குறைங்க என்று டாக்டர் சொன்னதைப் படிங்க என்று பாய் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது. பிஸ்கட்டில் ஆரம்பித்து, சாஸ், ஊறுகாய், சூப்புப் பொடி, ஐஸ்கிரீம், குழந்தைகளின் சத்துமாவு என்று பரவி, இருமல் மிட்டாய் வரைக்கும் போய்விட்டது. சொந்த மச்சானுடைய போன் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. ஆனால் அந்தத் தொழிற்சாலைச் சாமான்களுக்குப் பெயருக்குப் பதிலாகப் பாக்கெட்டில் நம்பர் போடுவார்களே, அது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நானூற்று எழுபத்தொன்று என்றால் என்ன, இருநூற்று இரண்டு என்றால் என்ன, முந்நூற்று இருபத்திரண்டு எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் தெருக்கோடியில் பழைய பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர் வீடு ஒன்று இருக்கிறது. சொல்தா வீடு என்போம். அவர் மகன் பாரிஸிலிருந்து வந்தபோது தெருவுக்கே சாக்லேட் கொடுத்தான். நாங்கள் பிரித்தோம், பாய் திருப்பினார். அவருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "சார், நம்பர் மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் மாறாது!" என்றார். வெளிநாட்டில் சொந்தக்காரரைச் சந்தித்தவர் போல அத்தனை சந்தோஷம்.

கடையிலும் இதே கூத்துதான். கிட்டப்பார்வை சோதிக்க வருகிறவர்கள் கையில், எல்லாக் கடையிலும் எழுத்து அட்டை கொடுப்பார்கள். இவர் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுப்பார். "கடைசி வரியைப் படிங்க. தெரியுதா? நல்லாத் தெரியுதா? அதுதான் உங்க புள்ள தினமும் திங்கிறது." கண் சோதிக்க வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்.

நோன்பு மாதத்தில் ஒருநாள் என்னைச் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எல்லோர் கையிலும் பேரீச்சம்பழம். பாய் கையில் மட்டும் பேரீச்சம்பழத்து டப்பா.

"குளுக்கோஸ் சிரப் தடவியிருக்கான் பாத்தியா!" என்றார்.

"என்னங்க, பாங்கு சொல்லி முடிச்சிட்டாங்க. மொதல்ல வாயில போடுங்க," என்றார் அவர் மனைவி கரீமா.

"இரு, இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு."

பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த மனிதர் சொல்கிற பேச்சா இது?

அவர் தடுமாறி நான் பார்த்தது ஒரே ஒரு பொருளிடம். டவுன் பேக்கரியில் நீளமாக, மொறுமொறுவென்று சுட்டு, சும்மா ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்களே, அந்த ரொட்டி. வாங்கி வந்து மேலே கீழே, இந்த முனை அந்த முனை என்று உருட்டிப் பார்த்தார். லேபிள் இல்லை. எதைத் திருப்புவது? எதைக் கண்டு பயப்படுவது? கடைசியில் அதை என் பக்கம் நீட்டி, "இதை எப்படி சார் நம்புறது?" என்றார்.

இவர் உபதேசத்தை யாராவது கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் கேட்டோம். பாய் பேசும்போது தலையாட்டுவோம், அடடா என்போம், அவர் தெருமுனை திரும்பியதும் பாக்கெட்டைப் பிரிப்போம். வீட்டில் கரீமா அதுகூடச் செய்வதில்லை. பாய் ஓதிக்கொண்டே இருப்பார். அந்த அம்மா பாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருப்பார். காதில் விழுகிறதா என்றே தெரியாது.

இந்தக் கரீமாவின் தம்ரூட்டைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். தின்றிராதவர்களுக்குச் சொல்கிறேன்: ரவை, பால்கோவா, முட்டை, நெய், சர்க்கரை, பாதாம். இவ்வளவையும் கலந்து, பாத்திரத்து மூடியின் மேலும் தணலைப் போட்டுப் பக்குவமாக வேகவைத்து, மேல்பக்கம் செம்பழுப்பாக வந்ததும் வில்லை போடுவார்கள். பெருநாளைக்கு எங்கள் தெருவில் கரீமா வீட்டுத் தட்டு எந்த வீட்டுக்கு முதலில் வந்தது என்பது அந்த வருஷம் முழுக்கப் பேசப்படுகிற விஷயம். சொந்தத்தில் எந்த நிக்காஹ் என்றாலும் தம்ரூட் கரீமா கையால்தான். ஆனால் சாப்பிட்டவர்கள் எல்லாம், "ஹாஜா பாய் வீட்டு தம்ரூட்" என்றுதான் சொல்வார்கள். பாய்க்கு ரவைக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்படி ஒரு நிக்காஹ் பந்தியில்தான் இராமதாஸ் அதைச் சாப்பிட்டார். விழுப்புரம் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர். இரண்டாவது வில்லையை முடித்துவிட்டு நேராகக் கரீமாவிடம் வந்தார்.

"அம்மா, இத பாக்கெட் போட்டுக் குடுங்க, நான் என் கடையில வச்சி விக்கிறேன். உங்க பேரே போட்டுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, முப்பது நாள் தாங்கணும். இல்லன்னா எனக்குக் கட்டுப்படி ஆவாது."

உங்க பேரே என்ற சொல் கரீமாவைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வருவதற்குள் காரைக்காலில் இருக்கும் தங்கை இஃப்ஃபத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. 'கரீமா தம்ரூட்.' அதைச் சொல்லிப் பார்க்கும்போது அந்த அம்மாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, திரும்பவும் சொல்லிப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. உணவுத் துறையில் பதிவெல்லாம் செய்து, சோதனைக்கு ஒரு தட்டு வேகவைத்துப் பாக்கெட்டில் அடைத்து வீட்டு அலமாரியில் வைத்தார்கள்.

நம் கடற்கரைக் காற்றுக்கு யார் பெயர் போட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. ஒரு வாரத்துக்குள் வில்லைகளின் மேல் பச்சையாகப் பூத்துவிட்டது.

பாய்க்கு முதலில் பெருமைதான். "பாத்தியா! கெட்டுப்போவுது! கெட்டுப்போவுற வரைக்கும்தான் அது சாப்பாடு! கெட்டே போவாதது எல்லாம்..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கரீமா ஒன்றும் பேசவில்லை. பாக்கெட்டுகளைப் பிரித்து, பூத்ததைக் குப்பையில் கொட்டி, காலியான கவரைக் கழுவி மடித்து வைத்தார். "போவட்டும். இராமதாஸண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடுங்க," என்றார். அன்று இராத்திரி இஃப்ஃபத் போன் செய்தபோது அந்த அம்மா எடுக்கவில்லை.

பாய் மனைவியை எதிர்த்துப் பேசக் கூடியவர். மனைவி பேசாமல் இருப்பதைத் தாங்கக் கூடியவர் இல்லை. மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, பேக்கரிகளுக்குச் சரக்குப் போடுகிற மதிவாணன் என்பவரிடம் போய், காகிதத்தில் சுற்றிய இரண்டு பொட்டலங்களோடு வந்தார். ஒன்று பூஞ்சை பிடிக்காமல் இருக்க. இன்னொன்று வில்லை காய்ந்துபோகாமல் மெத்தென்று இருக்க. நான் அப்போது அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கரீமா பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "இதுதான அந்த எரநூத்தி ரெண்டு?"

"ஆமா."

"அது இன்னொண்ணு?"

"நானூத்தி எழுபத்தொண்ணு."

"நீங்கதான இதெல்லாம்..."

"அது கம்பெனிக்காரன் போடுறது!" என்றார் பாய். "அவன் வண்டி வண்டியாப் போடுறான். நாம இன்னா, ஒரு சிட்டிகை. கவர்மென்டே அனுமதிச்சது. வெளிநாட்டுல எல்லாம் போடுறாங்க. அதுவும் இல்லாம இது நல்ல எரநூத்தி ரெண்டு."

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வெளியே தெரியக் கூடாதல்லவா?

கரீமா முகர்ந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, வச்சிட்டுப் போங்க," என்றார்.

அடுத்தது லேபிள். அச்சகம் வைத்திருக்கும் செம்மலிடம் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். என் வாழ்நாளில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று. முன்பக்கத்துக்கு என்ன வேண்டும் என்று செம்மல் கேட்டார். பாய் அசராமல் சொன்னார்: பால் கொட்ட வேண்டும், பாதாம் பறக்க வேண்டும், ஒரு குழந்தை சிரிக்க வேண்டும். 'பாரம்பரிய வீட்டுச் சுவை' என்று வளைத்து எழுத வேண்டும். 'கரீமா' என்பது எல்லாவற்றையும்விடப் பெரிதாக, தங்க நிறத்தில் இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது.

"பின்பக்கம்?" என்றார் செம்மல்.

பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரவை, பால்கோவா, முட்டை, நெய், சர்க்கரை, பாதாம் ஆகியவை நன்றாகத் தெரிகிற எழுத்தில் வரட்டும் என்றார். கடைசி இரண்டும் தனி வரியில், சின்னதாக.

செம்மல் கணினியில் தட்டிக் காட்டினார். "இது சரியா?"

"இன்னும் கொஞ்சம் சின்னதா."

"இது?"

"இன்னும்."

"பாய், இதுக்குக் கீழ போனா மை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எழுத்தா இருக்காது, கோடு போட்ட மாதிரி ஆயிடும்."

"கோடு மாதிரி இருந்தா நல்லதுதான்," என்றார் பாய் மெதுவாக.

"அப்புறம் ஆபீசருங்க வந்தா என்னைத்தான் புடிப்பாங்க. இந்த அளவுக்குக் கீழ அச்சடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

சட்டம் விட்ட கடைசிப் புள்ளி வரைக்கும் போய் நின்றார் பாய். அத்தோடு முடியவில்லை. வெளிர்மஞ்சள் தாளில் இளம்பொன் நிறத்தில் அந்த வரி வரட்டும் என்றார். பேர் வேண்டாம், நம்பர் போதும் என்றார். "நாப்பது வயசு தாண்டினவன் கண்ணாடி போட்டாக்கூட டியூப்லைட் வெளிச்சத்துல இது தெரியாது. எந்தக் கலர் மேல எந்தக் கலர் தெரியாதுன்னு என்னைக் கேளு. முப்பது வருஷமா கண்ணுதான் எனக்குத் தொழில்!"

செம்மல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இராமதாஸ் கடையில் 'கரீமா தம்ரூட்' அடுக்கி வைக்கப்பட்டது. பாய் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எதிரே இருந்த அப்பளக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சனம் வந்தது. கொட்டுகிற பாலைப் பார்த்தது, சிரிக்கிற குழந்தையைப் பார்த்தது, கூடையில் போட்டது. ஒருவராவது திருப்ப வேண்டுமே? திருப்பவில்லை. இத்தனை வருஷமாக எந்த ஜனங்களை முன்பக்கம் பார்த்து ஏமாறுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாரோ, அந்த ஜனங்கள் மேல் அன்றைக்குப் பாய்க்கு அப்படி ஓர் அன்பு வந்தது. "நல்ல சனம் சார் நம்ம சனம்," என்றார் என்னிடம்.

அப்போதுதான் அஞ்சலாட்சி வந்தார். காலாப்பட்டில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. பாய் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டவர். சிப்ஸ் பாக்கெட்டின் கடைசி வரியைப் படித்துவிட்டு, அன்றோடு வீட்டில் சிப்ஸையே நிறுத்தியவர். தம்ரூட் பாக்கெட்டை எடுத்தார். எடுத்த வேகத்தில் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். தெரியவில்லை. விளக்குக்கு நேராகச் சாய்த்தார். தெரியவில்லை. பாய் மூச்சுவிட்டார். அஞ்சலாட்சி கைப்பையைத் திறந்து போனை எடுத்து, பின்பக்கத்தைப் படம் பிடித்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படித்தார்.

முப்பது வருஷத் தொழில் அனுபவத்தில் பாய் இதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்பளக் கட்டுக்குப் பின்னால் இருந்த தலையை அஞ்சலாட்சி பார்த்துவிட்டார். "இன்னா பாய் இது? நீங்க சொல்லித்தான் எனக்கு இந்த நம்பரே தெரியும்."

"அது வந்தும்மா... ஒரு சிட்டிகைதான்..."

"எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரு சிட்டிகைன்னுதான சொல்லுவான்? நீங்கதான் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் பாய் பதிலுக்குக் கோபித்திருப்பார். அந்த அம்மா பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே, பின்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டுப் போனார். பாய் போய் அதைத் திருப்பி வைத்தார். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கு எழுத்து அட்டைதான் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

பூதம் அடுத்த சனிக்கிழமை புறப்பட்டது. காலையில் இராமதாஸ் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாய், எல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. வாங்கினவங்க கொண்டாந்து கொண்டாந்து குடுக்குறாங்க. முப்பது நாள்னு அச்சடிச்சிருக்கீங்களே?"

"பூக்கவே பூக்காது!" என்றார் பாய். "எரநூத்தி ரெண்டு இருக்கே! இதோ லேபிள்ல இருக்கு பாருங்க!" என்று பாக்கெட்டைத் திருப்பினார். அந்த வரி அவருக்கே தெரியவில்லை. வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் படித்துக் காட்டினார். பிறகு திடீரென்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மதிவாணன்! போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டான்! சுண்ணாம்பு மாவை மடிச்சிக் குடுத்திருப்பான். இப்பவே போய் உண்டா இல்லையான்னு கேட்டுட்டு வரேன்!"

செருப்பை மாட்டினார். ஸ்கூட்டரில் ஏறினார். என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். சத்தம் கேட்டுத் தெருவே எட்டிப் பார்த்தது. அவர் வண்டியைக் கிளப்பப் போகும்போது கரீமா வாசலுக்கு வந்தார். கையில் அந்த இரண்டு பொட்டலங்கள். கட்டிய நூல் கட்டியபடி இருந்தது.

"அவரைப் போய் ஏன் ஏசுறீங்க? நான் பிரிக்கவே இல்ல."

பாய்க்குப் புரியவில்லை. "லேபிள்ல இருக்கே?"

"லேபிள்ல இருக்கு. தம்ரூட்ல இல்ல."

இராமதாஸ் பெட்டியைக் கீழே வைத்தார். பாக்கெட்டில் இல்லாத நன்மையை எழுதி விற்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். இல்லாத கெடுதலை எழுதி விற்ற பாக்கெட்டை அவர் தொழிலில் இப்போதுதான் பார்க்கிறார்.

"ஏன் போடல?" என்றார் பாய். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

கரீமா வாசல் என்றும் பார்க்கவில்லை, இராமதாஸ் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. "எப்படிப் போடுறது? சோத்துல கை வச்சா ஓதுறீங்க, டீ குடிச்சா ஓதுறீங்க. இது ஆவாது, இது வயித்தைக் கெடுக்கும், பெத்தவ புள்ளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு. வருஷக்கணக்கா கேட்டுட்டேன். மாவு கலக்கும்போது பொட்டலத்தைக் கையில எடுத்தேன். பிரிக்கக் கை வரல. யார் வீட்டுப் புள்ளையோ தின்னப் போவுது. அதுவும் என் பேர் போட்டதை."

"அப்ப என்கிட்ட சொல்றதுதான?"

"நீங்க முன்பக்கத்துல என் பேரை அவ்ளோ பெருசாப் போட்டுக் கொண்டாந்து காட்டினீங்க. அதப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்? நாலு நாள்ல வித்துப்போயிடும், யாரும் அத்தினி நாள் வச்சிருக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

பாய் வண்டியின் சாவியை உருவிக்கொண்டார். கோபிப்பாரா, இல்லை அழுதுவிடுவாரா என்று எனக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. பிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்:

"நான் சொன்னதெல்லாம் நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

"பின்ன? பக்கத்துல ஒக்காந்து பேசினா காதுல விழாதா?"

தெருவே தலையாட்டிவிட்டுப் பிரித்துத் தின்றிருக்கிறது. ஊருக்கு இவர் செய்த பிரசங்கத்துக்கெல்லாம் அசையாமல் நம்பிக்கை வைத்தது இந்த அம்மா ஒருவர்தான். அவரைத்தான் இவர் பொட்டலத்தோடு போய்ப் பிரிக்கச் சொன்னார். பாய் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். இறங்கி, கரீமா கையிலிருந்த பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். பிறகு இராமதாஸ் பக்கம் திரும்பி, "வாங்கினவங்க எல்லாருக்கும் நான் பதில் சொல்றேன்," என்றார்.

சொல்லவும் செய்தார். திருப்பிக் கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் புதிதாக வேகவைத்த தம்ரூட்டை வீடு தேடிப் போய்க் கொடுத்தார். நானும் கூடப் போனேன். அஞ்சலாட்சி வீட்டுக்கும் போனோம். அந்த அம்மா ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. இருந்தாலும் பாய்க்கு மனசு கேட்கவில்லை. வாழையிலையில் சுற்றிய வில்லைகளை நீட்டி நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அஞ்சலாட்சி இலையை வாங்கி, மெல்லத் திருப்பிப் பார்த்தார். "இதுல லேபிள் இல்லையே பாய். எப்படி நம்புறது?"

பேக்கரி ரொட்டியை உருட்டிப் பார்த்துப் பாய் கேட்ட அதே கேள்வி. அந்த அம்மாவே சிரித்துவிட்டு, ஒரு வில்லையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், இராமதாஸ் நல்ல வியாபாரி. பாக்கெட் வேண்டாம், வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு தட்டு கொண்டுவாருங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வெட்டி விற்றுக்கொள்கிறேன் என்றார். சாயங்காலத் தொழுகை முடிவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. பெட்டியின் மேல் 'கரீமா தம்ரூட்' என்று ஒரு பலகை இருக்கிறது. போன மாதம் இஃப்ஃபத் காரைக்காலிலிருந்து வந்தபோது அக்காவும் தங்கையும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் பிடித்தது ஹாஜா பாய்தான். பலகை படத்தில் முழுசாக விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் போனைக் கீழே இறக்கினார்.

இதோடு பாய் பாக்கெட் திருப்புவதை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு மாதம் போல வாய் அடைத்துத்தான் கிடந்தார். பிறகு ஒருநாள் இராமதாஸ் கடையில் அவரைப் பார்த்தேன். ஒரு ஜாம் பாட்டிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பழம் நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்குன்னு எழுதியிருக்கான் சார். எழுதியிருக்கான், சரி. போட்டானா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்? அது அவன் வீட்டம்மாவைக் கேட்டாத்தான் தெரியும்!"

முன்னெல்லாம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பண்டத்தைத்தான் சந்தேகப்பட்டார். இப்போது எழுதியிருப்பதன் மேலேயே சந்தேகம். நோய் முற்றிவிட்டது.

போதும், சிரித்தது போதும். நாளைக்கு நீங்களும் கடைக்குப் போவீர்கள், எதையோ ஒன்றைக் கையில் எடுப்பீர்கள், கட்டைவிரல் தானாக அதைத் திருப்பும். திருப்பட்டும், படியுங்கள், படிப்பது நல்லதுதான். ஆனால் படித்து முடித்ததும் வாங்கவும் மாட்டாமல், வைக்கவும் மாட்டாமல், தலையை நிமிர்த்தி, இதைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகப்படுமா என்று உங்கள் கண் தேடுகிறதா? தேடினால் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம், கடையில் யாரும் நீங்கள் சொல்வதைக் கேட்கப்போவதில்லை. வீட்டில்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அங்கே யாராவது உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம்.